கோடைத் தோட்டமும் கொய்யும் பொழுதும்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் தொடங்கி 13½ பாகையில் முடிகிற நிலப்பரப்பாகத் தமிழ்நாடு அமைந்திருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் குமரிமுனையின் நேர் உச்சியில் நண்பகல் காண்கிற சூரியன், அம்மாதம் முடிவதற்குள்ளாகவே சென்னையின் உச்சியையும் கடந்து வடதிசை நோக்கிப் போய்விடுகிறான். உஷ்ணம் உச்சநிலையை அடைவதோ அதற்கும் சில வாரங்கள் கழித்து, மே மாதத்துக் கத்திரி வெயிலில். ஆடிப்பட்டத்தையும் தைப்பட்டத்தையும் நம்பி விதைத்துப் பழகிய நம்மவர்களில் பலர், இந்த இடைக்காலத்தில் வீட்டுத் தோட்டம் போடுவதை வீண் பிரயத்தனமென்று கருதி, கிணறு வற்றுவதைக் காரணம் காட்டி, மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தில் பாதி நியாயமுண்டு. குளிர்ச்சியை நாடுகிற முள்ளங்கி, கொத்தமல்லி, பீன்ஸ் முதலியவற்றைச் சித்திரை வெயிலில் சமவெளியில் பயிரிட முனைவது உண்மையிலேயே வீண்வேலைதான். ஆனால் வெண்டையும் கொத்தவரையும், புடலும் பாகலும் பீர்க்கும், வெள்ளரியும் தண்டுக்கீரையும் வெப்பத்தை வேண்டி நிற்கிற சுபாவம் உடையவை. தை கடைசியிலோ மாசியிலோ விதை ஊன்றினால் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஒரு குடும்பத்தின் சமையலறைக்குக் குறைவில்லாமல் காய் கொடுக்கக்கூடியவை.

இத்தகைய தோட்டத்தை நடத்துவதற்கு வேண்டிய சாஸ்திரத்தில் உரத்துக்கும் மருந்துக்கும் உரிய பங்கு சிறிது. பொழுதுக்கு உரிய பங்கே பெரிது. நீரை எந்த வேளையில் விடுவது, எந்தப் பூ எந்த நாழிகையில் மலர்கிறது, எந்தக் காயை அது தோன்றிய எத்தனையாவது நாளில் பறிப்பது என்பனவற்றை அறிந்தவருடைய தோட்டம், அவற்றை அறியாமல் இரட்டிப்புச் செலவு செய்கிறவருடைய தோட்டத்தைவிட நன்றாக விளைவதை யாரும் பிரத்தியட்சமாகக் காணலாம். அதற்குரிய காரணங்களை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

செடிக்கும் வெயிலுக்கும் நடுவே நிகழும் கொடுக்கல் வாங்கலைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் தெடிங்டன் என்னும் ஊரில் குருவாக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1724ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மூன்றரை அடி உயரம் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு எடுத்து, மண்ணிலிருந்து நேரே நீர் ஆவியாகிவிடாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, பதினைந்து நாள் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, பகற்பொழுதில் அது சராசரியாக 20 அவுன்ஸ் நீரை இலைகளின் வழியே வெளியிடுகிறதென்று கண்டார். பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் மனிதன் வெளியிடும் வியர்வையைப்போல் அது 17 மடங்கு என்று, 1727இல் வெளியிட்ட தம் நூலில் அவர் கணக்கிட்டுக் கூறியிருக்கிறார். பார்வைக்கு அசையாமல் நிற்கிற ஒரு செடி இவ்வளவு நீரை ஓயாமல் மேலே ஏற்றி வெளியே விடுகிறதென்பது அக்காலத்தவருக்குப் பேராச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தச் செலவு வெறும் விரயமன்று. ஒரு கிராம் நீர் ஆவியாக மாறுவதற்கு ஏறத்தாழ 580 கலோரி உஷ்ணம் தேவைப்படுகிறது. அந்த உஷ்ணம் இலையிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுவதால், நாள் முழுதும் சூரிய கிரணங்களை ஏந்தி நிற்கும் இலை வெந்துபோகாமல் தப்புகிறது. இலையின் மேற்றோலிலும் அடித்தோலிலும் உள்ள மிகச் சிறிய துளைகளே இந்த ஆவி வெளியேறும் வாயில்கள். உணவு சமைப்பதற்கு வேண்டிய கரியமிலவாயு உள்ளே புகுவதும் அதே வாயில்களின் வழியேதான். வேரிலிருந்து வரும் நீர் போதாதபோது செடி இந்த வாயில்களை அடைத்துக்கொள்கிறது. அடைத்த கணத்தில் நீர்ச்செலவு நிற்கிறது; ஆனால் உணவு உற்பத்தியும் நின்றுபோகிறது, இலையும் சூடேறுகிறது. ஆகவே கோடை நண்பகல் என்பது, கண்ணுக்கு எவ்வளவு ஒளி நிறைந்ததாகத் தோன்றினாலும், பல செடிகளுக்கு வேலை நடக்கிற நேரமன்று; விடியலிலிருந்து முற்பகல் பத்து, பதினொரு மணி வரையில் அவை ஈட்டுகிற உணவே அன்றைய ஈட்டத்தில் பெரும்பகுதி. அந்த நேரத்தில் வேரடியில் ஈரம் நிறைந்திருக்க வேண்டுமாகையால், அதிகாலையில் நீர் விடுவது சிறந்தது. முதல் நாள் மாலையில் விடுவது அதற்கு அடுத்தபடியானது.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பறங்கிக்கொடியின் அகன்ற இலைகள் குடை சாய்ந்ததுபோல் தொங்குவதைக் கண்டு மனம் பதைத்துக் குடங்குடமாக நீரைக் கொட்டுகிறவர்கள் ஏராளம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே இவ்வாறு நிகழ்வதுண்டு. இலை செலவிடுகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமையே அதற்குக் காரணம். வெயில் தாழ்ந்ததும் இலை தானே நிமிர்ந்துகொள்ளும். ஈரமண்ணில் மேலும் நீரைக் கொட்டினால் வேருக்குக் காற்றில்லாமல் போய், வாட்டம் நீங்குவதற்குப் பதிலாக நிலைத்துவிடும். விடியற்காலையிலும் இலை துவண்டிருந்தால் மட்டுமே செடி தாகத்தால் வருந்துகிறதென்று கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பதைவிட நம்பகமான கருவி வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை.

நண்பகலில் இலைமேல் நீர் தெளித்தால் ஒவ்வொரு துளியும் பூதக்கண்ணாடியாகி இலையைச் சுட்டுவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் இதைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட முடிவு வேறு: மழமழப்பான இலையின்மீது படிந்து கிடக்கும் துளியால் அத்தகைய தீங்கு நேர்வதில்லை, மெழுகு பூசினாற்போன்ற மயிர்கள் அடர்ந்து, துளியை இலைப்பரப்பிலிருந்து உயர்த்திப் பிடிக்கிற சில இலைகளிலேயே அது சாத்தியம். நண்பகலில் நீர் விடலாகாது என்பதற்கு உண்மையான காரணம் எளியது: விடுகிற நீரில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்குமுன் காற்றோடு போய்விடுகிறது, வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயிலிருந்து முதலில் வருகிற நீரோ கைவைக்க முடியாத சூட்டில் இருக்கிறது.

எவ்வளவு நீர் என்பதற்கும் ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 1 மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் சரியாக 1 லிட்டர். நம் நாட்டுக் கோடையில் பயிர் நிறைந்த பாத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீரை இழப்பதாகக் கொண்டால், 10 சதுர மீட்டர் தோட்டத்துக்கு நாளுக்கு 60 லிட்டர், அதாவது நான்கைந்து குடம், வேண்டியிருக்கும். இதை அன்றாடம் பூவாளியால் மேலாகத் தெளிப்பதைவிட, இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டித்து, வேரடியில் ஆழ இறங்கும்படி விடுவது உத்தமம்; மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கி வெயிலில் சிக்கிக்கொள்ளும். வெறும் மண்ணின் மேற்பரப்பு கோடையில் 50 பாகை செல்சியஸுக்கு மேலும் சூடேறக்கூடியது. வைக்கோல், சருகு, கரும்புத் தோகை, தென்னை மட்டை நார் ஆகிய எதையேனும் மூன்று விரற்கிடை கனத்துக்குப் பரப்பி மூடாக்கு இட்டுவிட்டால், மண்ணின் சூடும் தணியும், ஈரமும் தங்கும், களையும் அடங்கும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுப் பரப்புவது, கறையான் தொல்லையுள்ள இடங்களில் அவசியம்.

மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி, சுற்றிலும் விதை ஊன்றுகிற முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பானையின் நுண்துளைகளின் வழியே நீர் கசிவது சுற்றியுள்ள மண்ணின் வறட்சியைப் பொறுத்தது. மண் உலர்ந்தால் கசிவு மிகும், நனைந்தால் குறையும். ஆகவே செடிக்கு வேண்டிய அளவை அளந்து கொடுக்கும் காரியத்தைப் பானையே செய்துவிடுகிறது. கிறிஸ்து சகாப்தத்துக்கு முந்திய நூற்றாண்டில் சீன தேசத்தில் ஃபான் ஷெங்சி என்பவர் இயற்றிய வேளாண் நூல், சுரை வகைகளுக்கு இந்த உபாயத்தைக் கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் சுரைக்கும் பாகலுக்கும் இதைவிடச் சிக்கனமான பாசனத்தை எவரும் கண்டுபிடித்துவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

செடிகளுக்குள்ளேயும் வெயிலைத் தாங்குகிற திறமையில் பெரிய தாரதம்மியம் உண்டு. சாமானியமான செடிகளில் கரியமிலவாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் காரியத்தைத் தொடங்கிவைக்கிற நொதிப்பொருள், உஷ்ணம் ஏற ஏற, கரியமிலவாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவைத் தவறிப் பிடிக்கத் தலைப்பட்டு, ஈட்டிய உணவில் ஒரு பங்கை விரயமாக்குகிறது. இந்தத் தவறு நேராதபடி, கரியமிலவாயுவை முன்கூட்டியே நான்கு கரியணுக்களுள்ள அமிலமாகக் கட்டி, தனியான உள்ளறைகளில் கொண்டுபோய்க் குவித்துப் பின்பு பயன்படுத்திக்கொள்ளும் ஒரு மாற்றுவழி சில தாவரங்களில் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லேக் என்னும் இருவர் கரும்பில் அதன் விவரத்தை 1966இல் விளக்கினார்கள். நம்முடைய தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகிய கீரைக் குலம் முழுதும் இந்த வழியைச் சேர்ந்தது. ஒரே அளவு உணவை ஈட்டுவதற்கு இவை செலவிடும் நீர் மற்றச் செடிகள் செலவிடுவதில் ஏறத்தாழப் பாதி என்பதனாலேயே, மற்றவை சோர்ந்து நிற்கும் சித்திரையில் கீரைப்பாத்தி கொழுத்து நிற்கிறது. பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே போய், நீர் மிகவும் குறைந்த காலத்தில் பகலில் இலைத்துளைகளை அடைத்துக்கொண்டு, இரவில் திறந்து கரியமிலவாயுவை அமிலமாகச் சேமித்து வைக்கிறது. வறட்சியில் வளர்ந்த பருப்புக்கீரையை விடியலில் கிள்ளி மென்று பார்த்தால் புளிப்பும், மாலையில் கிள்ளினால் அவ்வளவு புளிப்பின்மையும் தெரியும். இராமுழுதும் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுவதே காரணம். கொத்தவரை வேறு உபாயத்தைக் கையாளுகிறது: ஆணிவேரை ஆழ இறக்கி, மேல்மண் வறண்ட பிறகும் கீழ்மண்ணின் ஈரத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறது. நீர் தட்டுப்பாடான வீட்டுக்கு முதலில் பரிந்துரைக்கத் தக்கவை இந்தக் கீரைகளும் கொத்தவரையுமே.

விதைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்து ஊன்றலாம். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம். பந்தலைத் தோட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அமைத்தால், பிற்பகல் வெயிலின் கடுமையை அது வாங்கிக்கொண்டு கிழக்கிலுள்ள பாத்திகளுக்கு நிழல் தரும். மொட்டைமாடியில் கறுப்புப் பைகளில் வளர்ப்பவர்கள், பையின் வெளிப்புறத்தில் கோணியைச் சுற்றி வேரைக் காப்பது நலம்.

இனிப் பூக்களைக் கவனிப்போம். கோடைத் தோட்டக்காரருடைய முறையீடுகளில் பாதி, பூ பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை என்பதே. இதற்கு மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன் பூவின் நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெண்டைப்பூ காலையில் மலர்ந்து அன்று பிற்பகலுக்குள் சுருங்கிவிடுகிறது. பறங்கிப்பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே மூடிக்கொள்கிறது. பாகலும் வெள்ளரியும் காலைப்பூக்களே. சுரையோ மாலையில் வெள்ளைப் பூக்களை விரிக்கிறது. புடலின் பூ இதழ்நுனியெல்லாம் வெண்ணூல் பிரிந்தாற்போன்ற விசித்திர வடிவத்தோடு அந்தியில் மலர்ந்து, இருளில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கிறது. இவற்றுள் மிகவும் ரசமான விஷயம் பீர்க்கு: வரியுள்ள பீர்க்கின் மஞ்சள் பூ மாலையில் மலர, அதன் நெருங்கிய உறவான நுரைப்பீர்க்கின் பூ விடியலில் மலர்கிறது. ஒரே பந்தலில் இரண்டையும் ஏற்றிவிட்டு, ஒன்று அடங்க மற்றொன்று விழிப்பதைக் காண்பது, குழந்தைகளுக்குத் தாவர சாஸ்திரம் கற்பிக்க ஒரு நல்ல வழி.

இக்கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சின் வடிவம் அப்போதே தெரியும். ஆண்பூ வெறுங்காம்பில் நிற்கும். முதலில் வருபவை ஆண்பூக்களே. பெண்பூக்கள் பல நாள் கழித்தே தலைகாட்டுகின்றன. உஷ்ணமும் நீண்ட பகலும் ஆண்பூக்களின் தொகையை மிகுவிக்கின்றன என்பதை ஜே. பி. நிட்ச் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1952இல் பூசணி வகைகளில் பரிசோதித்துக் காட்டினார்கள். தழைச்சத்து மிகுந்த எருவைக் கோடையில் தாராளமாகக் கொட்டினால் கொடி இலையாகவே பெருகிப் பெண்பூ மேலும் தாமதப்படும். ஆகையால் உதிர்ந்து கிடக்கும் முதல் பூக்களைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. பெண்பூக்கள் வந்த பின்னும் பிஞ்சுகள் மஞ்சளித்து விழுமானால், பூச்சிகள் வரவில்லையென்று பொருள். அப்போது அன்றலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிவிட வேண்டும். பறங்கிக்கு இதைக் காலை ஏழு மணிக்குள்ளும், சுரைக்கும் புடலுக்கும் விளக்கேற்றுகிற வேளையிலும் செய்தால்தான் பயன்.

கத்தரியின் கதை வேறு. கத்தரிப்பூக்கள் எல்லாம் காய்க்கப் பிறந்தவையல்ல. சூல்தண்டு நீண்டு மகரந்தப்பைகளுக்கு மேலே எட்டிப்பார்க்கிற பூக்கள் நன்றாகக் காய்க்கின்றன, அது குட்டையாக உள்ளே அமிழ்ந்து கிடக்கிற பூக்கள் உதிர்ந்துபோகின்றன. மேலும், கத்தரியின் மகரந்தப்பைகள் நீளவாட்டில் வெடிப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளையின் வழியேதான் தூள் வெளிவரும். கருவண்டும் நீலப்பட்டை கொண்ட தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடல் அதிர ரீங்கரிக்கையில், உப்புப்புட்டியைக் குலுக்கினாற்போலத் தூள் கொட்டுகிறது. நாம் பெரிதும் புகழ்கிற கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வண்டுகள் துளைத்து வாழ்கிற பட்டுப்போன மரத்துண்டு ஒன்றைத் தோட்டத்து மூலையில் விட்டுவைப்பது, சுத்தத்தில் அபிமானமுள்ளவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும், கத்தரிக்கு நன்மை.

தக்காளியைத் தடுப்பது பகல் வெயிலைவிட இரவின் வெம்மை. இரவு உஷ்ணம் 21, 22 பாகைக்கு மேல் நீடித்தால் மகரந்தம் நலிந்து பிஞ்சு பிடிப்பது குறைகிறது. மே மாதத்தில் சென்னையின் இரவோ 27 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. இதனால் சமவெளியில் தக்காளியை மார்கழி, தையிலேயே நட்டு, மாசிக்குள் பிஞ்சு பிடிக்கச் செய்துவிட வேண்டும். சித்திரையில் பூத்த பூவை எந்த ஊட்டச்சத்து நீராலும் காயாக்க முடியாது. அதற்கு விலை கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளட்டும்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சள் வலைபோல் தோன்றினால், வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் நோய் அது. அந்தச் செடியைத் தாமதமின்றிப் பிடுங்கிவிடுவது ஒன்றே வழி. பாகலையும் பீர்க்கையும் கெடுக்கிற பழ ஈயைத் தடுக்கப் பிஞ்சிலேயே காகிதப் பையை மாட்டுவதைப்போல் பயனுள்ளது வேறில்லை. வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த பயிரை வெட்டுக்கிளியும் தீண்டாது என்பதை எஸ். பிரதானும் அவர் துணைவர்களும் 1962இல் தில்லியில் நிரூபித்தார்கள். ஆனால் அதன் சாரப்பொருள் சூரிய ஒளியில் விரைவிலே சிதைந்துவிடுவதால், மாலையில் தெளிக்கப்படாத வேப்பஞ்சாறு பெரும்பாலும் வீண்.

இவ்வளவும் பறிப்பதற்காகத்தானே? பறிப்பதோ பலர் நினைப்பதுபோல் வளர்ப்பு முடிந்த பிறகு வருகிற தனிக் காரியமன்று. வளர்ப்பின் மிக முக்கியமான பகுதியே அதுதான். செடியின் நோக்கம் நம்முடைய சாம்பாரன்று, விதை. ஒரு காய்க்குள் விதைகள் முற்றத் தொடங்கியதும், இலைகள் சமைக்கும் சர்க்கரையை அவை தம்பால் ஈர்த்துக்கொள்வதோடு, புதிய தளிரையும் மொட்டையும் அடக்குகிற சில சுரப்புகளையும் வெளியிடுகின்றன. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. ஈ. மர்னீக், 1926இல் வெளியிட்ட தக்காளி ஆராய்ச்சியில், காய்களை விட்டுவைத்த செடிகளில் வளர்ச்சியும் பூப்பும் குன்றுவதையும், காய்களை நீக்கிய செடிகள் மேன்மேலும் வளர்ந்து பூப்பதையும் எடுத்துக்காட்டினார். வெண்டைச் செடியில் இலை மறைவில் ஒளிந்து தப்பிய இரண்டு காய்கள் முற்றிப்போனால், அடுத்த வாரத்துப் பூக்கள் குறைவதன் ரகசியம் இதுவே. காயைக் கொய்யக் கொய்யச் செடி தன் சந்ததி இன்னும் உறுதிப்படவில்லையென்று மறுபடியும் பூக்கிறது. ஆகவே விருந்தாளிக்கென்றும் வெள்ளிக்கிழமைக்கென்றும் காயைச் செடியில் சேமித்து வைப்பதுபோன்ற அறியாமை வேறில்லை. தேவையில்லாத நாளிலும் பறித்து அண்டைவீட்டுக்குக் கொடுப்பதே செடிக்கு உபகாரம்.

எப்போது பறிப்பது? வெண்டை பூத்த ஐந்து முதல் ஏழு நாளுக்குள் விரல் நீளம் வளர்ந்து பதமாகிறது. அதற்குமேல் ஒவ்வொரு நாளும் அதன் சுவரில் நார் இறுகிக்கொண்டே போகிறது. காய்கறிக் கடையில் நம் பெண்கள் வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பதும், சுரையின் தோலில் நகத்தை அழுத்திப் பார்ப்பதும், கடைக்காரருக்கு எரிச்சலூட்டினாலும், சரியான ரசாயனப் பரிசோதனைகளே: உயிரணுச் சுவர்களில் லிக்னின் என்னும் மரப்பொருள் படிந்துவிட்டதா என்பதை அவை கணத்தில் தெரிவித்துவிடுகின்றன. கோடையில் வெண்டையையும் கொத்தவரையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். வெண்டையின் சுனை உறுத்தாமலிருக்கக் கையில் துணி சுற்றிக்கொண்டு, காம்பைக் கத்தியால் நறுக்குவது நலம். இழுத்துப் பறித்தால் தண்டின் பட்டை உரிந்துவிடும். நீண்ட புடலின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது காயை நேராக்குவதற்கே. குட்டை இனங்களுக்குக் கல் வேண்டுவதில்லை.

தக்காளியின் செந்நிறத்துக்குக் காரணமான லைகோபீன் 30 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் சரிவர உற்பத்தியாவதில்லை. மஞ்சள் நிறப்பொருளோ உற்பத்தியாகிக்கொண்டிருக்கும். செடியிலேயே பழுக்கட்டும் என்று வெயிலில் விட்டுவைத்த பழம் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் நின்றுபோவது இதனால்தான். அடிப்புறத்தில் முதல் சிவப்பு தட்டியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் பரப்பினால், தன்னிடமே ஊறும் எத்திலீன் வாயுவால் அது நன்றாகச் சிவந்து பழுக்கும்.

பறிக்கும் வேளை எது என்பதில்தான் கருத்துவேறுபாடு. காய், செடியை விட்டுப் பிரிந்த பின்னும் சுவாசிக்கிறது. சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்துக்கொண்டே போகிறது. உஷ்ணம் 10 பாகை உயர்ந்தால் அந்தச் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகிறது. விடியலில் காய் இரவின் குளிர்ச்சியோடும் நீர் நிறைந்த விறைப்போடும் இருப்பதால், அப்போது பறித்தது நெடுநேரம் வாடாது; பிற்பகலில் பறித்தது கூடைக்குள்ளேயே துவளும். காய்களுக்கு இதில் சந்தேகமில்லை. கீரைக்கு மட்டும் ஒரு விலக்கைச் சொல்லலாம்: பகல் முழுதும் ஒளியில் உழைத்த இலையில் மாலையில் சர்க்கரை மிகுதி, நைட்ரேட் உப்பு குறைவு. ஆகவே உடனே சமைப்பதானால் மாலைக் கீரையே மேல் என்பது என் கட்சி. மறுநாளைக்கானால் காலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம். அரைக்கீரையைக் கணு விட்டு அறுத்தால், நுனியின் ஆதிக்கம் நீங்கிப் பக்கமொட்டுகள் கிளைத்து மீண்டும் மீண்டும் தழைக்கும். சிறுகீரையை வேரோடு பிடுங்குவதே வழக்கம்.

குளிர்சாதனப் பெட்டியில் எல்லாவற்றையும் அடைப்பது இக்காலத்து மூடநம்பிக்கை. வெப்பநாட்டுப் பிறவிகளான கத்தரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி ஆகியவை கடுங்குளிரில் திசுக்கள் நலிந்து, குழி விழுந்தும் கறுத்தும் கெடுகின்றன. தக்காளி மணத்தையும் இழக்கிறது. கோடை நாளில் ஈரச்சாக்கு போர்த்திய மண்பானைக்குள் வைப்பது ஓரிரு நாளைக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வெள்ளரி, சுரை முதலியவற்றில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்புப்பொருள் உண்டு. வறட்சியும் வெப்பமும் அதை மிகுவிக்கக்கூடும். வெள்ளரியில் அது காம்புப்பக்கத்திலேயே பெரிதும் சேர்வதால், நுனியை வெட்டித் தேய்க்கும் வழக்கத்தில் பயன் வெட்டுவதில்தான், தேய்ப்பதில் அன்று. சுரையை நறுக்கியதும் ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது, கசப்புச் சுரைச்சாறு குடித்து உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு.

கடைசியாக விதை. நோயற்ற, நன்கு காய்த்த செடியைத் தேர்ந்து, அதில் காய்களைச் செடியிலேயே உலரவிட வேண்டும். கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வளர்ந்ததானால் அதன் சந்ததி தாயைப்போல் இராது. பூசணி விதையைச் சாணத்தில் தட்டிச் சுவரில் ஒட்டுவதும், மற்றவற்றைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் இட்டு அடைப்பதும் நம் முன்னோர் கண்ட முறைகள். ஈரத்தையும் வண்டையும் விலக்குவதே இரண்டின் தத்துவமும். விதைக்கு விட்ட செடி, முன்பு கூறிய காரணத்தால், பிறகு சமையலுக்குக் காய் தராது. ஆகவே வாசகர்கள் மாசியில் பாத்தி கட்டும்போதே, வீட்டுக்கு வேண்டியதற்கு மேல் ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டு செடிகள் அதிகமாக நட்டு, அவற்றில் ஒரு காயையும் தொடாமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.